கோஹாவா, சோலா, இ-கிரந்தாலயாவா? கிருஷ்ணகிரி, தருமபுரி நூலகங்களுக்கு எது பொருந்தும்

நூலகத்துக்குப் புது மென்பொருள் வாங்கலாம் என்று நிர்வாகம் தலையசைத்த மறுநாளே விலைப்புள்ளிகள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். பார்கோடு, புத்தகத்தில் ஒட்டிய சில்லை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி கேட், மொபைல் ஆப், இப்போது கூடுதலாக ஏஐ என்று எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். விலை மட்டும் மாறும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் நூலகராக இருக்கும் எனக்கும் கோஹா, சோல், இ-கிரந்தாலயா என்ற மூன்று நூலக மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தது. தருமபுரி, அரூர், ஓசூர் பக்கம் இருக்கும் நூலக நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கல்லூரி முதல்வர்களும் பள்ளித் தாளாளர்களும் படித்தால் இன்னும் நல்லது. கையெழுத்துப் போடுவது அவர்கள்தானே.

வசதிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். ஐந்து வருஷம் கழித்து இந்த மென்பொருளை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போக நினைத்தால், நம் புத்தகப் பதிவுகள் முழுசாக நம்மோடு வருமா? இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் நூலகத்தில் முன்பு இருந்தது ஒரு தனியார் மென்பொருள். விற்றவர்கள் தொழிலை விட்டுவிட்டார்கள். மென்பொருள் பழைய விண்டோஸ் கணினி ஒன்றில் மட்டும் ஓடியது. புத்தகப் பட்டியலை வெளியே எடுக்க அதில் இருந்த ஒரே வழி அச்சிடுவதுதான். பல வருஷம் உட்கார்ந்து உள்ளிட்ட தகவல் அத்தனையும் ஒரு ஹார்ட் டிஸ்கின் ஆயுளை நம்பி இருந்தது. இப்படிச் சிக்கிக்கொண்ட நூலகங்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் வேறு சிலவும் உண்டு.

நூலக உலகில் இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. மார்க் 21 என்ற பதிவு வடிவம்தான் அது. தலைப்புக்கு 245, ஆசிரியருக்கு 100, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கு 020 என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எண் உண்டு. அந்த வடிவில் பதிவுகளை வெளியே தரும் எந்த மென்பொருளிலிருந்தும் இன்னொன்றுக்குக் குடிபெயரலாம். எக்செல்லில் எடுத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. அது இல்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் பல ஆசிரியர்கள், தொகுதிகள், பிரதிகள் எல்லாம் அதில் ஒரே கட்டத்துக்குள் நசுங்கிப் போகும்.

மூன்றில் எது யாருக்கு

சோல் என்பது காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் மென்பொருள். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் வரும் நிறுவனம் அது. சோலின் இரண்டாம் பதிப்பு 2009-இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2021-இல். நம் ஊர்க் கல்லூரிகளுக்கு இது நன்கு பழகிய பெயர். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும்போது சோல் என்று சொன்னால் அடுத்த கேள்வி வராது. விண்டோஸில் ஓடும், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு உண்டு, மார்க் 21 வடிவில் பதிவுகளை எடுக்கலாம். கட்டணம் கட்டி வாங்க வேண்டும், ஆனால் தனியார் நிறுவனங்கள் சொல்லும் விலையோடு பார்த்தால் அது பெரிய தொகை இல்லை. கணினியில் பெரிய பழக்கம் இல்லாத, ஓய்வுக்குச் சில வருஷங்களே இருக்கும் நூலகர் ஒருவர் தனியாக நடத்தும் நூலகம் என்றால் நான் சோலையே சொல்வேன். ஏதாவது சிக்கினால் கேட்பதற்கு ஒரு அரசு நிறுவனம் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய நிம்மதி.

இ-கிரந்தாலயா தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது. அரசு நூலகங்களுக்காகவே செய்தது. நான்காம் பதிப்பில் எல்லாம் இணையத்தின் வழிதான். பதிவுகள் அவர்களுடைய சர்வரில் இருக்கும், நமக்கு ஒரு பிரவுசர் போதும். சர்வர் வாங்கும் செலவு இல்லை, பேக்கப் எடுக்கும் கவலை இல்லை. அரசுக் கல்லூரி, அரசு அலுவலக நூலகம் என்றால் முதலில் இந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான் முறை. ஒரே குறை, இணையம் போனால் எல்லாமே போய்விடும். தருமபுரி நகரத்திலோ ஓசூரிலோ இது பெரிய தொந்தரவாக இருக்காது. அஞ்செட்டி, சித்தேரி பக்கம் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கோஹாவின் கதை வேறு. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறு வட்டார நூலகத்தின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்று ஆனபோது, அவர்கள் உள்ளூர் நிறுவனம் ஒன்றை வைத்துப் புதிதாக எழுதி வாங்கினார்கள். 2000 ஜனவரியில் அது வேலை செய்ய ஆரம்பித்தது. எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படியே திறந்து விட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நூலகங்களில் ஓடுகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரும், புதுப் பதிப்பு வரும். உரிமக் கட்டணம் கிடையாது.

கிடையாது என்றதும் செலவே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோஹா லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும். நிறுவத் தெரிந்த ஆள் வேண்டும், பதிப்பு மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும், டிஸ்க் நிரம்பி ராத்திரி பேக்கப் நின்றுபோனால் அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். கல்லூரிகளில் வழக்கமாக என்ன நடக்கிறது என்றால், கணினித் துறையில் ஆர்வமுள்ள ஒரு இளம் உதவிப் பேராசிரியர் பிரியத்தோடு நிறுவித் தருவார். இரண்டு வருஷத்தில் அவருக்கு வேறு வேலை கிடைத்துவிடும். சர்வரின் கடவுச்சொல் அவரோடு பெங்களூருக்குப் போய்விடும். கோஹாவை எடுத்து வருந்துபவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான், இதில் மென்பொருளின் மேல் குற்றமே இல்லை.

அதனால் கோஹா என்றால் இரண்டில் ஒன்று. கடவுச்சொல், நிறுவிய முறை, பேக்கப் எங்கே போகிறது என்பதெல்லாம் தாளில் எழுதி முதல்வர் அலுவலகத்தில் வைத்துவிட்டு நாமே நடத்தலாம். இல்லையென்றால் கோஹாவைத் தங்கள் சர்வரில் வைத்து நடத்தித் தரும் நிறுவனத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டலாம். இரண்டாவது வழியில் நான் விடாமல் கேட்கும் நிபந்தனை ஒன்று: முழுத் தரவுத்தளத்தின் நகல் வாரம் ஒருமுறையாவது நம் கைக்கு வந்து சேர வேண்டும். கேட்டால் தருகிறோம் என்ற வார்த்தை போதாது.

மூன்றையும் பார்த்த பிறகு எங்கள் நூலகத்துக்கு நான் கோஹாவைத்தான் பரிந்துரைத்தேன். விலை அதற்குக் காரணம் இல்லை. தமிழ்ப் புத்தகங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் அது கையில் தரும் கருவிகள்தான் காரணம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பதிவுகள்: உண்மையான வேலை இங்கேதான்

ஆங்கிலப் பாடப்புத்தகம் ஒன்றை கேட்லாக் செய்வது இப்போது ஒரு நிமிட வேலை. ஐஎஸ்பிஎன் எண்ணை அடித்தால், இசட் 39.50 என்ற வழியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்தோ வேறொரு நூலகத்திலிருந்தோ முழுப் பதிவு வந்து இறங்கிவிடும். தமிழ்ப் புத்தகத்துக்கு அந்தச் சொகுசு கிடையாது. பழைய பதிப்புகளில் ஐஎஸ்பிஎன்னே இருக்காது. காங்கிரஸ் நூலகத்தில் ஏராளமான தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் பதிவுகள் பெரும்பாலும் மேலே கோடும் கீழே புள்ளியும் வைத்த ரோமன் எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து நம் மாணவர் எதையும் தேட மாட்டார். ஆகவே தமிழ்ப் பதிவுகளை நாமே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். பழைய பதிவுகள் இருந்தால் அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

இந்தச் சரிசெய்யும் வேலைதான் எல்லா விலைப்புள்ளிகளிலும் ‘டேட்டா மைக்ரேஷன்’ என்று ஒரே வரியில் கடந்து போகிறது. நம் பக்கத்து நூலகங்களின் பழைய எக்செல் பட்டியல்கள் பலவும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் ஆங்கிலப் பகுதியையும் தமிழாக நினைத்து மாற்றிவிடும். ஆட்கள் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் வேலை தீராது. ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் க, அதற்கு எகரக் கொம்பு, பிறகு ள என்ற எழுத்து என்று ‘கெளரி’யாக அடித்துவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. வாசகர் என்ன நினைப்பார்? புத்தகம் இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அலமாரியில் இருக்கும் புத்தகம் ஒரு கொம்பினால் காணாமல் போவது எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம்.

அப்புறம் ஆசிரியர் பெயர். பழைய பட்டியல் ஒன்றைத் திறந்தால் மு.வ., டாக்டர் மு.வ., மு. வரதராசன், மு.வரதராசனார், வரதராசன் மு. என்று ஒரே மனிதர் ஐந்து பேராகப் பிரிந்து கிடப்பார். மாணவர் எதை அடிக்கிறாரோ அந்த வடிவத்தில் பதிவான புத்தகங்கள் மட்டும் வரும். கோஹாவில் ஆசிரியருக்கென்று தனியாக ஒரு அதிகாரப் பதிவு போட்டு, மற்ற எல்லா வடிவங்களையும் அதன் கீழ் கட்டிவிடலாம். எந்த வடிவத்தை அடித்தாலும் எல்லாப் புத்தகமும் வரும்படி செய்துவிட முடியும். இந்த வசதி பெயரளவில் வேறு மென்பொருள்களிலும் உண்டு. ஆனால் பெயர்களை மொத்தமாகத் திருத்துவது, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குவது, இந்தப் புலம் காலியாக உள்ள பதிவுகளைக் காட்டு என்று அறிக்கை எடுப்பது போன்ற துப்புரவு வேலைகளுக்கு கோஹாவில் கை தாராளமாகப் போகிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கூடுதல் கட்டணம் கட்ட வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கென்று இன்னொரு விஷயம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. கிருஷ்ணகிரி நகரத்தில் உருது படிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மொழிப் புத்தகங்கள் பல நூலகங்களில் ‘பிற மொழி’ என்று ஒரே அலமாரியில், பட்டியலில் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. யூனிகோடு மென்பொருள் வந்துவிட்ட பிறகு இதற்குச் சாக்கு இல்லை. கன்னடத் தலைப்பை கன்னட எழுத்தில் உள்ளிடத் தெரிந்த மாணவர்கள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். உருதுப் பதிவு வலமிருந்து இடமாகச் சரியாக வருகிறதா என்று மட்டும் வாங்கும் முன் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளிடும் வேலையை ஒரு புத்தகத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தத்துக்கு விடுவதை நான் ஏற்கவில்லை. வேகத்துக்குக் கூலி என்றால் வேகம்தான் கிடைக்கும். நூலக அறிவியல் பட்டமான பி.லிஸ். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. இரண்டு பேரை ஒரு வருஷம் மாதச் சம்பளத்துக்கு வைத்தால் பட்டியலும் சுத்தமாகும், அவர்களுக்கும் கோஹா கைவரும். ஆர்எஃப்ஐடி கேட்டுக்குக் கேட்கும் பணத்தில் இதைச் செய்து விடலாம்.

பார்கோடா, ஆர்எஃப்ஐடியா

இருபதாயிரம் புத்தகத்துக்குக் கீழே உள்ள நூலகத்துக்கு பார்கோடு போதும். ஆர்எஃப்ஐடியின் உண்மையான பலன் இரண்டு: வாசகரே புத்தகத்தைப் பதிந்து எடுத்துக்கொண்டு போகலாம், இருப்புச் சரிபார்ப்பை கையில் பிடிக்கும் கருவியோடு அலமாரி அலமாரியாக நடந்தே முடித்துவிடலாம். பெரிய நூலகத்தில் இவை பெரிய லாபம். நமக்கோ வழங்கல் மேசையில் எப்படியும் ஒருவர் உட்காரத்தான் போகிறார். சரிபார்ப்பு மே மாத விடுமுறையில் வருகிறது, பார்கோடு ஸ்கேனரோடு நாலு மாணவர்கள் இருந்தால் முடிந்துவிடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஒட்டுச்சில்லு, கேட், ஒட்டுச்சில்லில் எழுதும் கருவி என்று செலவு சேர்ந்துகொண்டே போகும். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே சிக்னல் தடுமாறுவதும் உண்டு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டால், ஐஎஸ்ஓ 28560 தரத்தில் எழுதும் ஒட்டுச்சில்லு வேண்டும் என்று கேளுங்கள். அப்போதுதான் நாளைக்கு வேறு நிறுவனத்தின் கருவியும் அதைப் படிக்கும்.

பார்கோடில் கவனிக்க வேண்டியது தாள். நேரடி வெப்ப அச்சுத் தாள், பஸ் டிக்கெட் அடிக்கும் தாள் மாதிரி, வெயிலிலும் சூட்டிலும் கருத்தோ மங்கியோ போய்விடும். தருமபுரிக் கோடையில் ஜன்னலோர அலமாரிக்கு அது தாங்காது. ரிப்பன் போட்டு அச்சிடும் வெப்பமாற்று லேபிள் கொஞ்சம் விலை கூட, ஆனால் வருஷக்கணக்கில் நிற்கும். நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் கொடுக்கும் அக்செஷன் எண்ணையே பார்கோடு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் கெட்டுப்போன நாளில் எண்ணைப் பார்த்துக் கையால் அடித்துவிடலாம்.

வாசகருக்கு என்ன மாறும்

மென்பொருள் மாறியதை வாசகர் உணர்வது மூன்று இடங்களில்தான். வீட்டில் இருந்தபடியே போனில் பட்டியலைத் தேட முடிகிறதா, புத்தகம் வெளியே போயிருந்தால் முன்பதிவு செய்ய முடிகிறதா, தவணை முடியும் முன்பு நினைவூட்டல் வருகிறதா. நினைவூட்டலுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சின்ன நூலகத்துக்கு அது அலைச்சல். கோஹா மின்னஞ்சலை இலவசமாக அனுப்பும், நம் மாணவர்கள் அதைத் திறப்பதில்லை. தவணை முடிந்தவர்கள் பட்டியலை எடுத்து வகுப்பு ஆசிரியர் வழியாகச் சொல்வது இப்போதைக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் புத்தகத்தின் தலைப்பு இருக்கக் கூடாது, பெயரும் தேதியும் போதும். ஒரு பெண் என்ன படிக்கிறாள் என்பது வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. மென்பொருள் வந்ததும் யார் எப்போது எதை எடுத்தார்கள் என்ற வரலாறு தானாகவே சேர்ந்துகொண்டே போகும். பழைய அட்டை முறையில் புத்தகம் திரும்பியதும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். கோஹாவில் திரும்பி வந்த புத்தகங்களின் இரவல் வரலாற்றிலிருந்து வாசகர் பெயரை நீக்கிவிடும் வசதி உண்டு. அதை இயக்கி வைக்க வேண்டும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. விற்க வருபவரிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு சிறிய மௌனம்தான் பதில்.

மின் நூல்கள், ஆய்விதழ்கள் விஷயத்தில் மென்பொருளை வைத்து யாரும் ஏமாற வேண்டாம். ‘எங்கள் மென்பொருளோடு லட்சம் மின் நூல்கள் இலவசம்’ என்பார்கள். அவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்திருப்பவை: கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-லிருந்து தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டம். ஆய்விதழ்களுக்கு இன்ஃப்ளிப்நெட்டின் என்-லிஸ்ட் இருக்கிறது, தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம்தான். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. கிடைப்பது பெரிய விஷயம்தான், ஆனால் அதற்குள் எப்படி நுழைவது என்று மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை காட்ட ஆள் இல்லாவிட்டால் அது அப்படியே தூங்கும்.

ஏஐ பற்றி ஒரு வார்த்தை. மாணவர்கள் அரட்டைச் செயலியிடம் கேட்டு வாங்கிய நூல் பட்டியலோடு மேசைக்கு வருகிறார்கள். அதில் சில புத்தகங்கள் உலகத்திலேயே இல்லாதவை, ஆசிரியர் பெயர் உண்மை, தலைப்பு கற்பனை. இதைப் பிரித்துச் சொல்லித் தருவது இனி நூலகரின் அன்றாட வேலை. பணம் கொடுத்து நூலகத்துக்கென்று ஒரு ஏஐ வாங்க இப்போது அவசரம் எதுவும் இல்லை. பட்டியல் சுத்தமாக இருந்தால், நாளைக்கு எந்தக் கருவி வந்தாலும் அதற்குத் தீனி இருக்கும்.

மென்பொருளே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்கள்

பென்னாகரம், ஊத்தங்கரை, வத்தல்மலை பக்கம் பள்ளி நூலகங்கள், இளைஞர் மன்றங்கள் நடத்தும் படிப்பகங்கள் இருக்கின்றன. ஆயிரம், இரண்டாயிரம் புத்தகம். இவர்களுக்கு நான் எந்த மென்பொருளையும் சொல்ல மாட்டேன். ஒரு அக்செஷன் ரிஜிஸ்டர், அதையே யூனிகோடில் அடித்த ஒரு விரிதாள். அக்செஷன் எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள், மொழி என்று தனித்தனிக் கட்டங்கள். ஆசிரியர் பெயரை எப்போதும் ஒரே மாதிரி எழுத வேண்டும். இரவலுக்கு ஒரு நோட்டு. பின்னால் எப்போதாவது கோஹாவுக்குப் போனால் இந்த விரிதாளே மார்க் பதிவாக மாறிவிடும்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டமாக இருந்தது தருமபுரி. அந்த ஊர்களில் ஐம்பதாயிரம் ரூபாய் கையில் இருந்தால் அதைக் குழந்தைகள் கையில் எடுக்கும் புத்தகங்களுக்குக் கொடுப்பேன். சிக்னல் எட்டாத மலையூர்ப் பள்ளியில் பழைய மடிக்கணினி ஒன்று கிடைத்தால், கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி, இணையமே இல்லாமல் பிள்ளைகள் படிக்க வைக்கலாம்.

கல்லூரிகளுக்குத் திரும்பினால், எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் அலமாரியிலிருந்து ஐம்பது புத்தகங்களை நீங்களே எடுங்கள். பாதி தமிழ், சிலது கன்னடமோ உருதோ, இரண்டு மூன்று தொகுதியாக வந்தவை, ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய பதிப்புகள். விற்பவர் முன்னிலையில் அவற்றை உள்ளிடுங்கள். பிறகு மார்க் 21 கோப்பாக வெளியே எடுக்கச் சொல்லி, அந்தக் கோப்பைப் பக்கத்துக் கல்லூரியில் ஓடும் வேறொரு மென்பொருளில் ஏற்றித் திறந்து பாருங்கள். ஐம்பதும் எழுத்துப் பிசகாமல் அங்கே வந்து சேர்ந்தால் விலையைப் பேச ஆரம்பிக்கலாம்.